கிழங்கு உரிக்கும் நேரத்துச் சிரிப்பு

என் கணவரைப் பிரட்டுக் களத்திலிருந்தே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலையில் பெயர் கூப்பிடுவதற்காக வரிசையில் நின்றிருந்தோம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஜப்பான்காரன் சொன்னதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார். மாற்றுச் சட்டை எடுத்துவரக்கூட அவரை வீட்டுக்கு விடவில்லை.

மலாயாவில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. லயத்து வீட்டில் நானும் நாத்தனாரும் மிஞ்சினோம். நாத்தனார் என் கணவருக்கு மூத்தவர். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு எங்களோடு இருந்தார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழம்பில் உப்பு கூட, குறைய என்பதைத் தவிர என்னிடம் அவர் அதிகம் பேசியதில்லை. தம்பி போன பிறகு அதுவும் நின்றது.

வெள்ளைக்காரத் துரை ஜப்பான்காரன் வந்தபோதே ஓடிவிட்டார். பால் வெட்டு கிடையாது. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டோம். காலையிலும் அதுதான் சாப்பாடு, ராத்திரியும் அதுதான். புடவை கிழிந்து சாக்கை உடுத்தினோம். என் காலில் புண் வந்து ஆறவே இல்லை. மத்தியான வெயில் தாழ்ந்ததும் இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து பேசாமல் கிழங்கு உரிப்போம்.

ஒருநாள் கங்காணி எங்கள் வாசலைக் கடந்து போனார். முன்பு கோட்டும் தொப்பியுமாக எங்களை வேலையில் விரட்டியவர், வெறுங்காலோடு கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் திருப்பத்தில் மறைந்ததும் நாத்தனார் எழுந்து நின்றார். கத்தி பிடித்த கையை இடுப்பில் ஊன்றி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மூக்கால் பேசினார்:

"என்னா புள்ள, மரத்துலேருந்து பால் எடுக்குறியா, இல்ல மரத்துக்குப் பால் ஊத்துறியா?"

அச்சு அசல் கங்காணி. திகைத்துப்போய்ப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்தது. மடியிலிருந்த தோலெல்லாம் கீழே கொட்டும்படி சிரித்தேன். அவரும் சிரித்தார். அவருக்குத் தெற்றுப்பல் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதன்பின் தினமும் அந்த நேரத்தில் அவர் யாராவது ஒருவராக மாறுவார். துரையின் தமிழ், துரைசாணி நாயைக் கொஞ்சுவது, கிராணியின் தும்மல். பக்கத்து வீட்டுப் பெண்களும் கிழங்கோடு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்களும் லாரியில் போனவர்கள்தான்.

ஒருநாள் நாங்கள் மட்டும் இருந்தபோது கேட்டேன்.

"அக்கா, ஒங்க தம்பி மாதிரி பேசுவீங்களா?"

நாத்தனார் கையிலிருந்த கிழங்கை முழுக்க உரித்துப் போட்டார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"ஏய், தண்ணி காஞ்சிருச்சா? சீக்கிரம்லா, ஒடம்பெல்லாம் ஒட்டுப்பால்!"

வேலை விட்டு வருகிற என் கணவரின் குரல். என்னை அறியாமல் எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன். அதைப் பார்த்து நாத்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் புறங்கையால் கண்ணைத் துடைக்க, கிழங்கு மாவு கன்னத்தில் அப்பிக்கொண்டது.

அந்தக் குரலுக்காக நான் காலையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினேன். அதை நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். என் கணவர் திரும்பி வருவார் என்று நாங்கள் இருவருமே நம்பவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பசிக்காது, கால் வலிக்காது.

சண்டை முடிந்து சிலர் திரும்பினார்கள். எங்கள் லயத்து ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். அவர் பேர் சொல்லும்வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாத்தனார் வேகவைத்த கிழங்கை அவர் கையில் கொடுத்தார்.

"ஒங்க தம்பிக்குக் கழிச்சல் கண்டுச்சுக்கா. தாங்கல."

"பொதச்சீங்களா?"

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான்..." நாத்தனார் இன்னொரு கிழங்கை எடுத்து அவரிடம் நீட்டினார்.

மறுநாளும் கிழங்கு உரித்தோம். வேஷம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சில வாரம் பொறுத்து, வெட்கத்தை விட்டு நானே கேட்டேன்.

"அக்கா, ஒரே ஒரு தடவ."

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இன்னொருமுறை கனைத்துப் பார்த்தார்.

"வரல புள்ள. அவன் எங்கயோ இருக்கான்னு நெனச்சப்ப வந்துச்சு."

தோட்டம் மறுபடி திறந்து, புதுத் துரை வந்தார். கால்களை அகட்டி, வாத்து மாதிரி நடப்பார். பழைய நாத்தனார் என்றால் அது ஒன்றே போதும், நடித்துக் காட்டிவிடுவார். இப்போது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் ஒருநாள் அந்த நடையை நடந்து காட்டினேன். எனக்கு அது வராது. என் மனம் நோகக்கூடாதென்று லேசாகச் சிரித்தார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மாட்டு வண்டியில் என் மடியில் இறந்துபோனார்.

அதே தோட்டத்தில் வெகுகாலம் பால் வெட்டினேன். என் கணவரைப் படம் எடுத்து வைத்ததில்லை. அவர் குரல் மட்டும் காதில் இருக்கிறது. அது அவருடையதா, நாத்தனார் பேசியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.