ஆளுக்கொரு பாகம்

எங்கள் நாலு பேரில் அந்த ஆட்டத்தின் விதிகள் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. நான் இல்லாமல் ஆட்டம் நடக்காது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் மண் விழுந்த கதையை எழுதலாம் என்று பல வருடங்களாக நினைத்து, கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அது அடங்குகிற வழியாகத் தெரியவில்லை. கோபத்தோடேயே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். நாங்கள் பெங்களூரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார். யாருடைய வாயையும் மூட முடியாத எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் வரிசையில் நாலு மேஜை. முதல் மேஜையில் இருந்தவளுக்கு வீடு மல்லேஸ்வரத்தில். நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். இரண்டாமவள் ஊருக்கு வெளியே இருக்கிற ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவளுடைய அப்பாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்றாமவள் உடுப்பிக்காரி, தாய்மொழி கன்னடம், எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள். நாலாவது நான். சிவாஜிநகரில் துணிக்கடைகளுக்குப் பின்னால் இருந்த சந்தில், அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். ஓர் அறை, ஒரு சமையலறை. அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். இரவில் சமையலறை என்னுடையது, பகலில் என்னுடையது என்று எதுவும் கிடையாது.

உடுப்பிக்காரியின் அண்ணன் ஜெர்மனியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். லீவில் வந்தபோது தங்கைக்கு ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தான். சாக்லேட் என்று நினைத்துத் திறந்தோம். உள்ளே ஓர் அட்டைப் பலகை, அதில் மலையிலிருந்து துறைமுகம் வரை வளைந்து ஓடும் ஒரு நதி. மரத்தில் செய்த நாலு படகுகள், சுண்டுவிரல் நுனியளவு பீப்பாய்கள், ஒரு கட்டு வண்ணச் சீட்டுகள். பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு படகைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தாயக்கட்டையே கிடையாது. கையில் இருக்கிற சீட்டுகளை ஒருவரோடு ஒருவர் பேரம் பேசி மாற்றிக்கொண்டுதான் முன்னே நகர முடியும். கேரமும் ரம்மியும் மட்டுமே தெரிந்த எங்களுக்கு இது வேறு உலகமாக இருந்தது. ஒரே ஒரு சிக்கல். விதிப் புத்தகம் முழுக்க ஜெர்மன் மொழியில் இருந்தது.

"நான் பார்த்துக்கறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். எங்கள் மாதா கோவில் பக்கத்து கான்வென்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். ஜெர்மனியில் இருபது வருடம் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசை முடிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, நான் நூறு பக்க நோட்டில் எழுதினேன்.

தமிழில்தான் எழுதினேன். பகல் முழுவதும் இங்கிலீஷில் டைப் அடிக்கிறவள் இங்கிலீஷிலேயே எழுதியிருக்கலாம். வேண்டுமென்றுதான் எழுதவில்லை. மல்லேஸ்வரத்துக்காரியும் ஹெப்பகோடிக்காரியும் வாய் ஓயாமல் தமிழ் பேசுவார்கள், ஆனால் படித்தது கன்னட மீடியம். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோலம் மாதிரி. உடுப்பிக்காரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும். "நோட்டுல என்ன போட்டிருக்கு, படி" என்பார்கள். நான் பக்கத்தைப் புரட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு படிப்பேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆட்டத்தை யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு வந்தபோது, ஆளுக்கொரு பாகம் என்று யோசனை சொன்னதும் நான்தான். போர்டு மல்லேஸ்வரத்துக்காரியிடம், சீட்டுக்கட்டு உடுப்பிக்காரியிடம், படகும் பீப்பாயும் ஹெப்பகோடிக்காரியிடம், நோட்டு என்னிடம். "நாலு பேரும் வந்தாத்தான் ஆட்டம். ஒருத்தி வரலைன்னாலும் கிடையாது" என்றேன். எல்லோரும் சிரித்து ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை அரை நாள் வேலை. முடிந்ததும் மல்லேஸ்வரத்துக்காரியின் வீட்டு மாடி அறையில் சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு உட்காருவோம். முதல் படகு நாலு மணிவாக்கில் துறைமுகம் சேரும். மற்ற மூன்றும் சேர்ந்த பிறகுதான் ஆட்டம் முடியும், அதற்கு ஆறரை ஆகிவிடும். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். ஏழு மணிவரை என்னை யாரும் தேடமாட்டார்கள். வாரத்தில் அந்த ஐந்து மணி நேரம்தான் நான் நானாக இருந்தேன். மற்ற நேரமெல்லாம் அண்ணனுக்குத் தங்கை, பிள்ளைகளுக்கு அத்தை, அண்ணிக்கு இன்னொரு கை.

இரண்டாவது வருடம், மூன்று பேரும் இரண்டு மணிக்கே முடிகிற காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டார்கள். ஹெப்பகோடிக்காரிக்கு பஸ் வசதி என்றார்கள். எனக்கு ஏழு மணிக்கு வருவது கஷ்டம், அதனால் என்னைக் கேட்கவில்லை என்றார்கள். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை. ஆபீசில் சர்வர் படுத்துவிட்டது, மூன்று மணிக்கே எங்களை அனுப்பிவிட்டார்கள். ஒரு ரவிக்கைத் துணிக்கு ஜோடி தேடி மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸுக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில்தானே என்று மல்லேஸ்வரத்துக்காரியின் வீட்டுக்கு ஓடினேன். மாடிப்படிக்குக் கீழே மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. ஒன்றின் வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கை ஹெப்பகோடிக்காரிக்குக் கொடுத்தவளே நான்தான்.

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. போர்டு விரித்திருந்தது, படகுகள் நதியில் இருந்தன, மூன்று பேர் கையிலும் சீட்டு இருந்தது.

"அய்யோ, இப்படி நனைஞ்சுட்டியே, உள்ள வா" என்று மல்லேஸ்வரத்துக்காரி எழுந்தாள். உடுப்பிக்காரி போர்டுக்குப் பக்கத்தில் இருந்த தாள்களின் மேல் மெதுவாகக் கையை வைத்தாள்.

"ரூல்ஸ் யாரு படிச்சுச் சொன்னது?" என்று கேட்டேன்.

உடுப்பிக்காரியின் கையை விலக்கித் தாள்களை எடுத்தேன். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். இங்கிலீஷ். எங்கள் ஆட்டத்தின் விதிகள், அதே படகு, அதே நதி. ஓரங்கள் நைந்து, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. தாளின் அடியில் பொடி எழுத்தில், பிரிண்ட் எடுத்த தேதி. போன தீபாவளிக்கு முந்தைய வாரம். அதாவது எட்டு மாதம்.

படகும் சீட்டும் போர்டும் அசல் ஒன்றுதான், அவை இல்லாமல் ஆட முடியாது. நாலு பாகத்தில் என் பாகத்தை மட்டும்தான் பத்து ரூபாய்க்குப் பிரிண்ட் எடுக்க முடிந்திருக்கிறது. அங்கே நின்றபோது எனக்கு முதலில் உறைத்தது இதுதான்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல" என்றாள் மல்லேஸ்வரத்துக்காரி.

"சனிக்கிழமை சனிக்கிழமை என் மூஞ்சியப் பார்த்து உக்காந்துட்டு இருந்தீங்களே, அப்ப கஷ்டமா இல்லியா? எட்டு மாசமா என்னை ஏமாத்தியிருக்கீங்க."

ஹெப்பகோடிக்காரி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. "யாரு யாரை ஏமாத்துனது?" என்றாள். "ஆறரைக்குக் கிளம்பி, ரெண்டு பஸ் மாறி, நின்னுக்கிட்டே போய் எட்டரைக்கு எறங்கறேன். எங்கப்பா வாசல்லயே நிப்பாரு. எவன் கூட சுத்திட்டு வரேன்னு கேப்பாரு. ஆட்டத்தோட ரூல்ஸே அப்படித்தான்பா, பாதில எழுந்து வர முடியாதுன்னு சொன்னேன் நானு. அப்படி ஒரு ரூல்ஸே இல்லியே."

இல்லைதான்.

சிஸ்டர் அந்த வரியைத் தெளிவாகத்தான் சொன்னார். முதல் படகு துறைமுகம் சேர்ந்ததும் ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். பேனா கையில் இருந்தது. ஒரு நிமிஷம் யோசித்தேன். நாலு மணிக்கு ஆட்டம் முடிந்தால் ஆளுக்கொரு பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று யாரிடமும் கெஞ்சுகிற ஜென்மம் இல்லை நான். எல்லாப் படகும் சேர்ந்த பிறகுதான் முடியும் என்று எழுதிவிட்டேன். பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட இதைச் சொன்னதில்லை. விளையாட்டு விதியைத் திருத்துவது பத்துக் கட்டளைகளில் எதன் கீழ் வரும் என்று தெரியவில்லை.

தப்புதான். ஹெப்பகோடிக்காரியின் அப்பா வாசலில் நின்றதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் அந்த எட்டு மாதத்தில் இரண்டு மூன்று தடவை, படகு ஒன்று துறைமுகம் சேர்ந்ததும், "எப்ப முடியும்னு நோட்டுல போட்டிருக்கு, ஒருவாட்டி படியேன்" என்று கேட்டார்களே. நான் செருமிக்கொண்டு படித்தேனே. உண்மையான விதி தெரிந்த மூன்று பேர் என் பொய்யைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்களே. நானாகச் சொல்லிவிடட்டும் என்று வாய்ப்புக் கொடுத்தார்கள் என்று நல்ல மனசுக்காரர்கள் சொல்லலாம். எனக்கு அது வேடிக்கை பார்த்ததாகத்தான் அன்றும் பட்டது, இன்றும் படுகிறது. நான் பொய் எழுதியது அவர்களோடு இருப்பதற்கு. அவர்கள் ஒளித்தது நான் இல்லாமல் இருப்பதற்கு. இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"பேஜார் மாட்கோபேடா கணே" என்றாள் உடுப்பிக்காரி. வருத்தப்படாதே என்கிறாள். "வா, உக்காரு, நீனும் ஆடு." காலியாகக் கிடந்த நாலாவது படகை எடுத்து நதியின் தொடக்கத்தில் வைத்தாள். மற்ற படகுகள் பாதி வழி போயிருந்தன.

"மூணு பேருக்கே நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினேன்.

வியாழனும் வெள்ளியும் ஆபீசில் பார்த்தும் பார்க்காமல் போனோம். சனிக்கிழமை போகக் கூடாது என்று உறுதியாக முடிவு செய்து, அண்ணியிடம் ஓவர்டைம் என்று சொல்லி, நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மல்லேஸ்வரத்துக்காரியின் வீட்டில் எல்லோரும் தத்தம் பாகத்தோடு வந்திருந்தார்கள். சாப்பிட்டோம். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. இரண்டரைக்கு உட்கார்ந்தோம். யாரும் என்னிடம் எதையும் படிக்கச் சொல்லவில்லை.

நாலு மணி தாண்டியதும் ஹெப்பகோடிக்காரியின் படகு துறைமுகம் சேர்ந்தது. என் படகு இரண்டு வளைவு பின்னால் இருந்தது. அவள் சீட்டை அடுக்கிக்கொண்டு, வழக்கம்போல மற்றவர்கள் முடிக்கட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உடுப்பிக்காரி சீட்டு எடுக்கக் கையை நீட்டினாள். என் விதிப்படி ஆட அவர்கள் தயாராக இருந்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி அப்படியொரு பொறுமை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"முதல் படகு சேர்ந்துடுச்சு" என்றேன். "ஆட்டம் முடிஞ்சுது."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த சீட்டுகளைக் கீழே வைத்தேன். வைத்தபடி காத்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் ஆடலாம் என்று ஒருத்தி சொல்வாள் என்று நினைத்தேன். பரவாயில்லை விடு, உன் ரூல்ஸே இருக்கட்டும் என்று யாராவது சொல்வார்கள். இன்னொரு ஆட்டம் போடலாம் என்றாவது சொல்வார்கள். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். மல்லேஸ்வரத்துக்காரி போர்டை மடித்தாள். உடுப்பிக்காரி சீட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டாள்.

ஹெப்பகோடிக்காரி படகுகளைப் பையில் போட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "நாலரை பஸ் கெடைச்சுடும், வரட்டா?" என்று சொல்லிவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கிப் போனாள்.

நானும் கிளம்பினேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது மணி ஐந்துகூட ஆகவில்லை. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்தவள் அந்த நேரத்துக்கு எப்படி வீட்டுக்குப் போவது? கூட்டத்துக்கு நடுவில் ஒரு சிமென்ட் பெஞ்சில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு மணி ஆனதும் எழுந்து, வேலை முடிந்து களைத்து வருகிறவள் மாதிரி வீட்டுக்கு நடந்தேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான், அதற்கடுத்த சனிக்கிழமையும்.