முதல் வெட்டு யாருடையது

நனைந்த சீமெந்துக்கு ஒரு வாசம் இருக்கிறது. கடதாசியும் சுண்ணாம்பும் சேர்ந்து புழுங்கின மாதிரி... ஒருமுறை மூக்கில் ஏறினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆற்றோரம் நான் முதன்முதலாகக் கடை போட்ட வருடம் அந்த வாசம் எனக்குப் பழக்கமானது. தகரக் கூரை, பலகைக் கதவு. அதுவரை மற்றவர் கடைகளில் மூட்டை தூக்கிய உழைப்பு முழுவதும் சீமெந்தாக உள்ளே அடுக்கி இருந்தது. வேறு கைமுதல் கிடையாது.

மாரி பிடித்தது. ஆறு வீதிக்கு ஏறியது, வீதியில் இருந்து என் படிக்கு ஏறியது. அடி வரிசைப் பைகளைத் தூக்கி மேலே போட்டேன். மேலே இடம் முடிந்தது. தண்ணீர் முடியவில்லை.

எங்கள் பக்கத்து ஆறுகளின் குணம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். வெள்ளம் ஏறும்போது அந்த மணலை நாம்தான் வெட்டிவிட வேண்டும். வெட்டினால் வயலும் வீடும் தப்பும். ஆனால் உள்ளே வளர்கிற இறால் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும். அதனால் விவசாயிக்கு அவசரம், மீன்பிடிக்கிறவருக்குப் பொறுமை. வருடாவருடம் இதே இழுபறிதான்.

அன்று காலை எல்லோரும் முகத்துவாரத்தில் கூடினோம். மீன்பிடிக்காரரும் முகம் சுளித்தபடி ஓம் என்றுவிட்டார்கள். மண்வெட்டிகளும் தயார். இனி வெட்ட வேண்டியதுதானே?

இல்லை. முதல் வெட்டு யாருடையது என்று உபசாரம் தொடங்கியது.

எங்கள் பள்ளிவாசலை நிருவகித்த மரைக்கார் மண்வெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, வீரமுனைப் பக்கத்துக் கோயிலை நிருவகித்த வண்ணக்கரிடம் நீட்டினார். இருவருமே பெரிய வயல்காரர்கள்.

"நீங்க தொடங்குங்க அண்ணன். வயசுல மூத்தவங்க."

"சீச்சீ... மரைக்கார் நிக்கக்குள்ள நான் தொடங்குறதா? நீங்க பிஸ்மி செல்லி வெட்டுங்க."

"போன முற நாங்கதானே தொடங்கின?"

"அதான் செல்றன், கைராசியான கை!"

பார்க்கிறவனுக்கு என்ன ஒற்றுமை என்று கண் கலங்கும். உள்விசயம் வேறு. முதல் வெட்டு யார் வெட்டினாரோ, அந்த வருடம் இறால் குறைந்தால் பேச்சு முழுவதும் அவர் தலையில்தான் விழும். அடுத்த மாரி வரைக்கும் சந்தையில் அவர் கையைப் பற்றித்தான் கதை. இரண்டு பேரும் மரியாதை என்ற பெயரில் பழியை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் இவர்களுக்காகக் காத்து நிற்குமா?

எனக்குப் பொறுக்கவில்லை. "மரைக்கார், கடையில சீமெந்து கல்லாகுது" என்றேன்.

"மனே, பெரியவங்க கதைக்கிற இடத்துல சீமெந்தக் கொண்டு வராத."

அப்போதுதான் பாக்கியம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கல்முனைச் சந்தையில் மீன் விற்கிறவள். புருசனும் அண்ணன்மாரும் இறால் பிடிக்கிறவர்கள். ஆற்றோரத்து வீட்டை இடுப்பளவு தண்ணீரில் விட்டுவிட்டு, தலையில் துணி மூட்டையோடு வந்திருந்தாள்.

"போற இறால் எங்கட. வாற பேச்சும் எங்களுக்கே வரட்டும். நீங்க ரெண்டு பேரும் உபசாரம் பண்ணி முடிக்கக்குள்ள என்ட வீடு கடலுக்குப் போயிரும். தாங்க அத!"

மூட்டையை மணலில் போட்டாள். மண்வெட்டியைப் பறித்தாள். வெட்டினாள்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே, எங்கள் வீரர்களை! ஆளுக்கு முந்தி ஆள் இறங்கினார்கள். பின்னேரத்துக்குள் ஆறு இரைந்துகொண்டு கடலில் விழுந்தது.

என் அடி வரிசைப் பைகள் கல்லாகிவிட்டன. மேல் வரிசை தப்பியது. அப்படித் தப்பியதில் இருந்து எழும்பியதுதான் இன்றைய கடை.

அந்த வருடம் இறாலும் குறைவுதான். சந்தையில் யாராவது வாயைத் திறந்தால் பாக்கியம் தராசைத் தூக்குவாள். "ஓம், நான்தான் வெட்டின. இப்ப நிறுக்கட்டா, போறீங்களா?"

சரி... இந்த மாரிக்கு வருவோம்.

இப்போது மண்வெட்டி இல்லை. மண் வெட்டி அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்து மணலில் நிற்கிறது. சாரதி உள்ளே சாய்ந்து போன் பார்க்கிறான். அனுமதி வரவில்லையாம். கிட்டங்கிப் பாலத்தடியில் ஆற்றுவாழைப் பூண்டு பாய் விரித்த மாதிரி அடைத்துக் கிடக்கிறது. வெள்ளம் ஓடிய வாய்க்கால்களை மண் போட்டு நிரப்பி மதிலும் கட்டியாயிற்று. அந்த மண்ணைக் கடல் கொண்டுவந்து கொட்டவில்லை, நாங்கள்தான் கொட்டினோம். பிறகு வாட்ஸ்அப்பில் வெள்ளப் போட்டோ போட்டு "யா அல்லாஹ்" என்று அழுகிறோம்.

கூட்டம் வைத்தார்கள், நானும் போனேன். மின்விசிறி, கதிரை, பிஸ்கட், தேநீர். ஒரு அரசாங்கக் கந்தோர்க்காரர், "தாங்கள் சிபாரிசு செய்தால் நாங்கள் உத்தரவிடலாம்" என்றார். மற்றவர், "தாங்கள் உத்தரவிட்டால் சிபாரிசுக்குத் தடையில்லை" என்றார். எனக்குத் தலை வெடித்தது. மரைக்காரும் வண்ணக்கரும் பழிக்குப் பயந்தவர்கள்தான். ஆனால் தண்ணீர்க் கரையில் நின்று பயந்தார்கள், ஒருத்தி திட்டினால் காதில் விழுகிற தூரத்தில்.

இரண்டாவது தேநீர் வரும்போது போன் வந்தது. ஆறு தன்பாட்டில் உடைத்துக்கொண்டு போய்விட்டது. நாம் வெட்டுகிற இடத்தால் அல்ல, மீன்பிடிக்காரரின் குடிசைகளான வாடிகள் இருந்த பக்கத்தால்.

போய்ப் பார்த்தேன். வாடிகள் இல்லை. தென்னைகள் வேரோடு கிடந்தன. இருந்த கரையே இல்லை. பாதி புதைந்த தோணி ஒன்றை நாலைந்து பேர் இழுத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் என்னைக் கண்டுவிட்டான்.

"என்ன முதலாளி, கூட்டத்துல என்ன முடிவு?"

"அடுத்த கூட்டம் எப்ப எண்டு முடிவாகிட்டு."

அவன் தோணிக் கயிற்றின் நுனியை என் கையில் திணித்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு இழுத்தேன்.