உப்பில்லாப் பத்தியமும் ஒரு சீஸ் டின்னும்

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போயிருந்தேன். திண்டிவனத்திலிருந்து ரயிலில் நின்றுகொண்டேதான் பயணம். யுத்த காலத்தில் உட்கார இடம் கேட்பது பேராசை அல்லவா?

சித்தப்பா மகள் செல்லம்மாவைப் பார்க்கத்தான் போனேன். அவள் கணவர் துரைசாமி ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர். பாவம், கிட்னியில் வியாதி. முகமும் காலும் வீங்கிப் படுத்தவருக்கு டாக்டர் பத்தியம் சொல்லியிருந்தார் — பாலும் சோறும்தான். உப்பு கூடவே கூடாது. மீறினால் உயிருக்கே ஆபத்து.

செல்லம்மா என்ன செய்தாள் தெரியுமா? உப்பு ஜாடியையே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். "அவரு உப்பில்லாம துன்னும்போது எனக்கு மட்டும் எப்படிண்ணே எறங்கும்?" என்று தானும் உப்பில்லாக் கஞ்சியையே குடித்தாள். பிடிவாதக்காரி!

ஆனாலும் வீக்கம் வடியவில்லை. நான் போன அன்று டாக்டரும் வந்திருந்தார். காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "உண்மையைச் சொல்லு... உப்பு போட்டியாம்மா?" என்று அதட்டினார்.

"மாரியாத்தா சத்தியமா இல்லீங்க! சோறு, பாலு, அப்பறம் அந்த டின்னுல வர்ற பாலுக்கட்டி... அவ்ளோதாங்க."

டின்னா? எடுத்துவந்து காட்டினாள். சீஸ்! பட்டாளத்து ரயில் ஓட்டும் ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் அன்பாகக் கொடுத்தது. பாலில் செய்தது என்றாராம். பால்தான் பத்தியமாயிற்றே, கட்டிப் பால் இன்னும் விசேஷம் என்று வேளாவேளைக்கு ஊட்டியிருக்கிறாள். நோயாளிக்கு வைத்ததில் பிறர் வாய் வைக்கக் கூடாது என்று ஒரு விள்ளல்கூடத் தின்று பார்க்கவில்லை.

டாக்டர் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தார். "அட கடவுளே... உப்பில் இது ஊறுகாய்க்கு அண்ணனாச்சேம்மா! இன்றோடு நிறுத்து. பிழைக்க வைக்கப் பார்க்கிறேன்."

செல்லம்மா டின்னைத் தூர நகர்த்தினாள். கணவரிடம் திரும்பினாள்.

"ஏன் மாமா, துன்ன உனக்குக்கூடவா தெரியல?"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மொத வாயிலியே தெரிஞ்சிடுச்சி. நாக்கு செத்துக் கெடந்துச்சி, செல்லம்மா... சொன்னா நிறுத்திடுவியேன்னு..."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். சாவு என்றைக்கோ வரப்போவது. சப்பென்ற சோறோ தினமும் மூன்று வேளை வருகிறது. இரண்டில் எது பெரிய பயம்? நாமாயிருந்தால் மட்டும் வாயைத் திறந்திருப்போமா?

செல்லம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"நானுந்தானே உப்பில்லாம துன்னுக்கினு கெடந்தேன்? எனக்கும் ஒரே ஒரு துண்டு குடுத்திருந்தா, அன்னிக்கே உன்னக் காப்பாத்தியிருப்பேனே, மாமா!"