பின் சக்கரத்து நட்டில் நெயில் பாலிஷ்

என் வீட்டுக்காரருக்கு வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வேலை. வீடு கச்சிராயபாளையத்தில். தினமும் காலையில் பைக்கில் மலை ஏறுவார், சாயங்காலம் இறங்குவார். ஏறும் நேரத்தில் எனக்குப் பயமில்லை. இறங்கும் நேரம் வந்தால் கால் தையல் மிஷினை மிதிக்கும், கண் வாசலில் இருக்கும். பிரேக் பிடிக்காமல் போய்விட்டால் என்று ஒரு தடவை நினைத்துவிட்டால் போதும், அன்றைக்குத் தைத்ததை எல்லாம் பிரிக்க வேண்டியதுதான். வண்டி சர்வீஸை நான் கையில் எடுத்ததே இந்தப் பயத்தில்தான். அவரிடம் விட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போவார்.

சர்வீஸ் அன்று அவர் பஸ்ஸில் மலைக்குப் போவார். நான் வண்டியைக் கள்ளக்குறிச்சி ஷோரூமுக்கு ஓட்டிப் போவேன். புடவை கட்டிக்கொண்டு கியர் வண்டியில் போய் இறங்கினால், எனக்குப் பின்னால் யாராவது ஆம்பளை வருகிறாரா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். “சார் வரலீங்களா மேடம்?” என்பார் சர்வீஸ் எழுதும் ஆள். இல்லை என்றால் அவருக்குப் பேச்சே குறைந்துவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி, டிவி, காபி. அந்தப் பக்கம் வண்டி. எட்டிப் பார்த்தால், “கஸ்டமர் உள்ள வரக்கூடாதுங்க” என்று தடுப்பார்கள். சாயங்காலம் வண்டி பளபளவென்று வெளியே வரும். கழுவியிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு சர்வீஸில், பின் சக்கரத்தை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்றிவிட்டோம் என்றார்கள். சரி என்றேன். அடுத்த சர்வீஸிலும் அதையே சொன்னார்கள். புது ஷூ அதற்குள் எப்படித் தேயும்? வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“மாத்தியே இருக்க மாட்டானுங்க. கழுவி உட்டு பில்லு போட்ருப்பானுங்க,” என்றார் அவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

அவர் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. தேய்ந்த ஷூவை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் மலையிலிருந்து இறங்கி வருகிறார்?

என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களில் பாதிப்பேர் மீதித் துணி எங்கே என்று கேட்பார்கள். சுள்ளென்று கோபம் வரும். அதே கேள்வியைத்தான் நான் ஷோரூமில் போய்க் கேட்டேன். “கழட்டுன பழைய ஷூவக் குடுங்க.” அந்த ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய், கருத்துத் தேய்ந்த இரண்டு துண்டை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தார். வீட்டில் அதை மிஷின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது எங்கள் வண்டியுடையதுதானா? ஷோரூம் மூலையில் ஒரு டின் நிறைய இதே மாதிரி கிடந்ததே.

அதனால் அடுத்த சர்வீஸுக்கு முன்னால் நெயில் பாலிஷை எடுத்தேன். ஷூவை மாற்ற வேண்டுமானால் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்ற நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் திருப்பியே ஆகவேண்டும். நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன். திருப்பினால் கோடு உடையும். சாயங்காலம், இந்தத் தடவையும் ஷூ மாற்றினோம் என்று வண்டியை விட்டதும், யார் பார்த்தால் என்ன என்று ஷோரூம் வாசலிலேயே குந்திப் பார்த்தேன். கோடு உடைந்திருந்தது. அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். அங்கே மெக்கானிக் கடையில் காற்று அடிக்க நிறுத்தியபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நெயில் பாலிஷ் கதையைச் சொன்னேன். “செயினு டைட் பண்ணாலும் அந்த நட்டத்தாங்க்கா லூஸ் பண்ணுவாங்க,” என்றார் மெக்கானிக். “நம்மகிட்ட உடுங்க, கண்ணு முன்னாடியே மாத்தித் தர்றன்.” வந்த கஸ்டமரை விடுவாரா? இவரையும் நம்பத் தோன்றவில்லை.

கொஞ்ச நாளிலேயே மிதித்தால் பிரேக் ஆழமாக இறங்கியது; ஷூ மறுபடியும் தேய்ந்திருக்கிறது. இந்தத் தடவை சண்டைக்கென்றே போனேன்.

“சார் ஓட்டறதுலதான் இன்னாவோ இருக்குது மேடம். பிரேக்க ஜாஸ்தி மிதிக்கிறாரு,” என்றார் சர்வீஸ் எழுதும் ஆள்.

“மலையில பிரேக் புடிக்காம, கையத் தட்டிக்கினா எறங்குவாங்க?” என்று கத்திவிட்டேன். உட்கார்ந்திருந்தவர்கள் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். வீட்டில் சொன்னதும் அவர் சிரித்தார். “நல்லாக் கேட்ட,” என்றார்.

அதற்கப்புறம் அவர் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. நான் காலை பஸ்ஸில் மேலே போனேன். விழா முடிந்து மத்தியானம் அவரோடு பைக்கில் கிளம்பினேன். இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பினார். என்ஜின் அடங்கிவிட்டது.

“இன்னாச்சிங்க?” என்று பதறினேன்.

“ஒண்ணுமில்ல. எறக்கந்தான, எதுக்கு பெட்ரோலு? எல்லாரும் இப்பிடித்தான் போவாங்க.”

பொய்யில்லை. எங்களுக்கு முன்னால் போன வண்டிகளும் சத்தமே இல்லாமல் வளைவில் மறைந்துகொண்டிருந்தன. கியரில் இறங்கினால் என்ஜினே பாதி பாரத்தை இழுத்துப் பிடிக்கும். இங்கே எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டிருந்தது பிரேக் மட்டும்தான். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தார். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தால் வருமே, அந்த மாதிரி கருகல் வாசனை வந்தது. ஷோரூமில் ஒவ்வொரு தடவையும் மாற்றித்தான் இருக்கிறார்கள். இவர்தான் தினமும் அதைத் தேய்த்துத் தீர்த்திருக்கிறார். நான் அவர்களைத் திட்டியபோதெல்லாம் கூடச் சேர்ந்து திட்டிய இவர்தான்.

“சாவியப் போடுங்க.”

“இன்னும் கொஞ்ச தூரந்தான்.”

“போடுங்க. இல்லன்னா நிறுத்துங்க, நான் நடந்தே வர்றன்.”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் ஓரமாக நிறுத்தினார். நான் இறங்குவதற்குள் சாவியைத் திருப்பி வண்டியை ஸ்டார்ட் செய்தார். இரண்டாவது கியரில், உறுமிக்கொண்டே, அடிவாரத்து அணை தெரியும் வரைக்கும் மெதுவாக இறங்கினோம். வீட்டுக்கு வந்ததும், “இனிமே ஆஃப் பண்ண மாட்டன், போதுமா?” என்றார். போதும் என்றேன்.

இப்போது தினமும் என்ஜின் சத்தத்தோடுதான் எங்கள் தெருவுக்குள் வருகிறார். மலையில் எப்படி வந்தார் என்று அந்தச் சத்தம் சொல்லாது. அவர் கை கால் கழுவப் பின்பக்கம் போனதும் நான் வாசலுக்கு வந்து, பின் சக்கரத்தின் நடுவில், பிரேக் தேய்ந்தால் சூடேறும் இடத்தில், கையை வைத்துப் பார்க்கிறேன். முந்தாநாள் வெதுவெதுவென்று இருந்தது. நேற்று சூட்டில் கை வைக்க முடியவில்லை.