கச்சிராயபாளையத்தின் ‘ய’

கச்சிராயபாளையம் என்று தட்டச்சு செய்யும்போதெல்லாம் எங்களோடு வேலை பார்த்த அந்தப் பெண்ணின் உதடுகளும் கூடவே அசையும். அது அவருடைய சொந்த ஊர். பேச்சில் எங்கள் எல்லோருக்கும் அது கச்சிராபாளையம்தான். எழுதும்போதும் நடுவிலுள்ள ‘ய’வை விழுங்கிவிடுவோம். அவர் மட்டும் விடமாட்டார். ஓர் எழுத்துக்கு இத்தனை பிடிவாதமா என்று நானே கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ஏழு பேர் வேலை பார்த்தோம். ஊர்வாரியாகப் பாசன வாய்க்கால் விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை; மேற்பார்வை என்னுடையது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொரு திருத்தத்தையும் பழையதோடு சேர்த்துக் காப்பாற்றி வைக்கும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தினோம். இலவசமாகக் கிடைத்த அதைத் தமிழ்ப் பெயர்களை ஏற்கும்படி மாற்றி அமைத்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவருடைய ஊர்க் கோப்பு அவர் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெயரைத் திருத்தினார். சேமித்துத் திறந்தால் முதல் இரண்டு வரிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. பழைய பதிவிலிருந்து மீட்டுக் கொடுத்தேன். மறுபடியும் அதேதான். மூன்றாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் பெயரைப் போட்டு, ‘கவனக்குறைவால் அழித்துவிட்டார்’ என்று பதிவிலேயே குறிப்பு எழுதினேன். பிறகு அத்தனை பேர் முன்னாலும், “இனிமே வர வேணாம்மா” என்றேன்.

அவர் அழவில்லை. “இன்னா சார் சொல்றீங்க? எங்க ஊரு கணக்க நானே அழிப்பனா? ரெண்டு நாள் குடுங்க. எம்மேலதான் தப்புன்னா நானே போய்டறங்க” என்றார்.

கேட்ட இரண்டு நாளைக் கொடுத்தேன். ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சேமித்துப் பார்த்தார். சங்கராபுரம் பிழைத்தது, திருக்கோவிலூரும் பிழைத்தது. ‘ய’வை எடுத்துவிட்டால் அவருடைய ஊரும் பிழைத்தது. அவருக்கும் நிரல் எழுதத் தெரியும். அதன் பிறகு, கணினியின் நினைவகத்தில் எந்த நிரல் வரி எல்லை மீறி எழுதுகிறது என்று காட்டும் சோதனைக் கருவியை ஓட்டினார். பெயருக்கென்று ஒதுக்கியிருந்தது நாற்பத்துநான்கு இடம். தமிழில் எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று இடம் வேண்டும். முழுப் பெயருக்கு, அது முடிந்தது என்று காட்டும் ஓர் இடத்தையும் சேர்த்து, நாற்பத்தாறு தேவைப்பட்டது. மிஞ்சிய இரண்டும் பக்கத்தில் குறித்து வைத்திருந்த கோப்பின் அளவின் மேல் போய் விழுந்தன. அளவு சுருங்கவே, கோப்பும் இரண்டு வரியோடு நின்றுவிட்டது.

“இந்த வரிதாங்க சார்” என்று திரையில் விரல் வைத்தார். அந்த வரியை எழுதியவன் நான். பட்டியலிலேயே நீளமான அவருடைய ஊர்ப் பெயரைப் பேச்சில் வருகிறபடி எழுதி, அதை வைத்தே இடம் போதும் என்று முடிவு செய்திருந்தேன். ஒழுங்காக எழுதிய ஒரே ஆளைத்தான் வெளியே போகச் சொல்லியிருந்தேன்.

அத்தனை பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். பிழையைத் திருத்தி, காரணத்தையும் பதிவில் எழுதினார். என் குறிப்பை அடியோடு எடுத்துவிடுகிறேன் என்றேன். கொஞ்சம் மெனக்கெட்டால் அது முடியும்.

“வேணாங்க சார்” என்றார். “நீங்க எழுதுனதும் இருக்கட்டும், நான் எழுதுனதும் இருக்கட்டும். பாக்கறவங்க ரெண்டத்தயும் படிக்கட்டும்.”

பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்துவிட்டு அவர் வேறு ஊர் போய்விட்டார். புதிதாகச் சேருகிறவர்கள் பழைய பதிவுகளைப் புரட்டும்போது அந்த இரண்டு குறிப்புகளும் அடுத்தடுத்து வரும். படித்துவிட்டுத் தயங்கித் தயங்கி என்னைப் பார்ப்பார்கள். “ஆமாம், அது நான்தான்” என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.