பேச்சுவார்த்தைக்கு நடுவே ஒரு பெல்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தேன். குழந்தையின் அம்மா ஸ்டெல்லா, எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவள். அதே கல்லூரி ஆசிரியர்கள் ஏழு பேர் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்.

ஃபாதர் வாசித்துக்கொண்டிருந்தார். கோபுரத்தில் மணி அடித்தது. நாங்கள் ஏழு பேரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டோம். தமிழ்த் துறை கோவிந்தசாமி ஐயா விரலில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருப்பது போல கையைக்கூடத் தட்டினார். சுற்றிலும் பார்த்தால்... சர்ச்சில் வேறு யாருமே எழவில்லை.

ஃபாதர் வாசிப்பதை நிறுத்தி எங்களைப் பார்த்தார். பக்தி கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்திருப்பார். ஸ்டெல்லாவோ குழந்தையை அணைத்தபடி சிரித்தாள். நாங்கள் எங்கே போக எழுந்தோம் என்று அவளுக்குத் தெரியும்.

வகுப்புக்கு!

நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பழக்கத்தால்தான் போன வருஷம் ஸ்டெல்லாவின் வேலை போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்களுடையது விருத்தாசலத்துக்குச் சற்று வெளியே இருக்கும் சுயநிதிக் கல்லூரி. தாளாளருக்குப் பூர்வீகத் தொழில் பீங்கான். ஃபியூஸ் கேரியரும் பொம்மையும் செய்து விற்ற காசில் கல்லூரி கட்டினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம்.

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். பெண் ஆசிரியருக்கு ஏழாவது மாதம் வந்தால் ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை பெற்று உடம்பு தேறியதும் வந்து கேட்டால் மறுபடி வேலை கிடைக்கும். ஆனால் புது ஆளாக!

அதனால் என்ன, வேலைதான் கிடைக்கிறதே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். அட்மிஷன் குறைகிற வருஷம், கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தச் சமயத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆறு வருஷ சர்வீஸ் இருக்கும்வரை ஸ்டெல்லாவுக்குப் பயமில்லை. புது ஆளாகச் சேர்ந்தால் அடுத்த ஜூனில் அவள் பெயரைத்தான் முதலில் அடிப்பார்கள்.

அவளுக்குப் புகுந்த வீடு கம்மாபுரம் பக்கம். மாமனார் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வேறு இடத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை இல்லை.

ஏழாவது மாதம் நெருங்கியபோது, ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள் ஸ்டெல்லா.

"நெலம் போனப்பகூட எங்க மாமா அழுவல மேடம். மருமவ வேல இருக்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. இப்ப நான் வூட்டுக்குப் போயி என்னான்னு சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எதற்கு உதவும்? ஆனால் அன்றைக்கு ஸ்டாஃப் ரூம் முழுக்கவே கோபமாக இருந்தது. ஒருத்தியாகப் போனால் உருப்படாது, எல்லோருமாகப் போய்ப் பேசுவோம் என்று முடிவானது. கல்லூரி ஆரம்பித்த நாளில் இருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை.

தெரிந்த வக்கீலிடம் முதலில் கேட்டோம். பிரசவ லீவுக்குச் சட்டம் இருக்கிறது, ஆனால் கேஸ் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார். சங்கம், தொழில் தகராறு என்று போவதானால் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் தொழிலாளி இல்லை என்றார். தொழிலாளியும் இல்லை, முதலாளியும் இல்லை. அப்புறம் நாங்கள் யார்? தாளாளர் சொன்ன அந்தக் குடும்பம்தான் போலிருக்கிறது.

முதல் பேச்சுவார்த்தைக்குத் தாளாளர் அறைக்கு ஸ்டெல்லாவையும் சேர்த்து எட்டுப் பேர் போனோம். அவர் தொழிற்சாலையில் செய்த பீங்கான் கப்பில் டீ வந்தது. வழக்கமாக விருந்தாளிக்குத்தான் அந்தக் கப். எங்களுக்கு பிளாஸ்டிக். அந்த மரியாதையிலேயே பாதிப் பேர் குளிர்ந்துவிட்டார்கள்.

யார் பேசுவது? சீனியர் என்பதால் கோவிந்தசாமி ஐயா ஆரம்பித்தார். தாய்மையின் பெருமையில் தொடங்கினார். நல்ல பேச்சு, குறை சொல்லக் கூடாது. சங்க காலத்தில் இருந்து கிளம்பி பல்லவர் காலம்வரை வந்துவிட்டார். ஸ்டெல்லாவை எட்டுவதற்குள் வெளியே டணடணவென்று பெல். வராந்தாவில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், அதுதான் எங்கள் பெல்.

எட்டுப் பேரும் எழுந்துவிட்டோம்!

"போங்க, போங்க. புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும். இன்னொரு நாள் பேசுவோம்" என்றார் தாளாளர். ரொம்பப் பெருந்தன்மையாக.

அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை காமர்ஸ் சார் பேசினார். "மூன்று காரணங்கள் சொல்லப் போகிறேன்" என்று ஆரம்பித்து, முதல் காரணத்துக்கு இரண்டு உதாரணம் சொல்லி, "புரியுதுங்களா?" என்று தாளாளரையே கேட்டார். அவரும் தலையாட்டினார். டணடண... எழுந்துவிட்டோம்.

ஐம்பது நிமிஷம் பேசிப் பழகிய வாய்களுக்குப் பத்து நிமிஷத்தில் பேசத் தெரியவில்லை. அது ஒன்று. அதைவிட முக்கியம், பெல் அடித்தால் உட்காரத் தெரியவில்லை.

இரவு சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குப் பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை. யூனியன் அங்கே சாப்பாட்டில் உப்பு மாதிரி. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

"சங்கு ஊதுனா நாங்க வெளிய வருவோம். நீங்க என்னடான்னா பெல் அடிச்சா உள்ள ஓடுறீங்க! பேசாம ஒரு நாள் ஸ்ட்ரைக் பண்ணுங்களேன்."

"செமஸ்டர் வருதுங்க. போர்ஷன் முடியல."

"பாத்தியா? இதுக்குத்தான் அவரு கவலையே படல" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. போர்ஷனை விட்டுவிட்டு ஸ்ட்ரைக் செய்யும் மனசு எங்கள் யாருக்கும் வராது, உண்மைதான். கரும்பை அரைப்பது ஒரு நாள் நின்றால் ஆலைக்காரருக்கு நஷ்டம். பாடம் ஒரு நாள் நின்றால் தாளாளருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். அந்தப் பிள்ளைகள் நாளைக்கு எங்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. கல்லூரிக்கு டைம்டேபிள் போடுகிறவளே நான்தான். இரண்டு தடவையும் தாளாளர் எங்களைக் கூப்பிட்டது மத்தியான இடைவேளை முடிந்து பெல் அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது. தற்செயலா, திட்டமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் மூன்று முடிவு எடுத்தோம். ஒருவர்தான் பேச வேண்டும், அது ஸ்டெல்லா. பெல் அடித்தால் யாரும் எழக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம்... அந்தப் பீரியடில் பிள்ளைகளை என்ன செய்வது?

டெஸ்ட் வைத்துவிடலாம் என்றார் கோவிந்தசாமி ஐயா. கேள்வித்தாளை முன்னாலேயே கொடுத்துவிட்டால், பெல் அடித்ததும் வகுப்புத் தலைவன் விநியோகிப்பான். எட்டு வகுப்பிலும் ஒரே நேரத்தில் டெஸ்ட்! போர்ஷனும் கெடாது. பிள்ளைகள் எங்களைத் திட்டிய திட்டு வேறு கதை. "டெஸ்ட் வெச்சுட்டுப் போராட்டம் பண்ண ஆளுங்க ஒலகத்துலயே நீங்கதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

மூன்றாவது பேச்சுவார்த்தைக்கும் அதே நேரம்தான் கொடுத்தார். அதே பீங்கான் கப், அதே டீ.

ஸ்டெல்லா பேசினாள். சங்க காலமும் இல்லை, மூன்று காரணமும் இல்லை.

"சார், நான் ராஜினாமா எழுத மாட்டேன். லீவு மட்டும் குடுங்க. திரும்பி வர்றப்ப என் சீனியாரிட்டி அப்படியே இருக்கணும்."

தாளாளர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "ஒனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணுமேம்மா. அதுவும் செமஸ்டர் நடுவுல எறங்குற. நம்ம தொழில்ல ஒண்ணு சொல்லுவாங்க, சூளையில வெச்சத நடுவுல எடுக்க முடியாது."

வெளியே டணடணவென்று அடித்தது.

என் கால் இரண்டும் தானாக எழப் பார்த்தன. கோவிந்தசாமி ஐயா நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். காமர்ஸ் சார் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் யாரும் எழவில்லை... ஒருத்தியைத் தவிர.

ஸ்டெல்லா எழுந்துவிட்டாள்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் கை ஊன்றி, மெதுவாக. தனக்காகவே நடக்கிற பேச்சுவார்த்தைக்கு நடுவே, ஏழு மாத வயிற்றோடு, அந்தப் பெண் வகுப்புக்குக் கிளம்பினாள்.

"உக்காரும்மா" என்றார் கோவிந்தசாமி ஐயா.

திரும்பிப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு நினைவே வந்தது. உட்கார்ந்தாள். முகம் சிவந்துவிட்டது.

"பெல் அடிச்சிடுச்சு" என்றார் தாளாளர்.

"கேட்டுச்சுங்க சார்" என்றேன் நான்.

வராந்தாவில் பிள்ளைகளின் சத்தம் எழுந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. எட்டு வகுப்பிலும் கேள்வித்தாள் போய்ச் சேர்ந்திருக்கும். தாளாளர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பெல்லுக்குப் பிறகு எங்களோடு என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதுவரை அவருக்கு அந்தத் தேவை வந்ததே இல்லையே!

ஸ்டெல்லாதான் பேசினாள்.

"சூளையில வெச்சத நடுவுல எடுக்க முடியாதுன்னீங்களே சார், இதுவும் அப்படித்தான்" என்று வயிற்றைக் காட்டினாள். "செமஸ்டர் முடியட்டும்னு இத நிறுத்தி வெக்க முடியாது. உங்க சூளையாளு வேகுற வரைக்கும் சூள பக்கத்துலயே இருந்து பாத்துட்டு மறுபடி வேலைக்கு வந்தா, அவனப் புது ஆளுன்னா சொல்லுவீங்க?"

தாளாளர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். பெல் அடித்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பார்க்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. பார்த்திருந்தால் எழுந்திருப்பேன்.

"சரி. லீவுல போ. வேல அப்படியே இருக்கும். சீனியாரிட்டியும் இருக்கும். சம்பளம் மட்டும் கேக்காத" என்றார் கடைசியில்.

சம்பளம் கேட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. மாலையில் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அதயும் கேட்டுட்டு எழுந்திருக்கணும்" என்றார். யூனியன்காரருக்கு எப்போதும் ஒன்று குறையும். ஆனால் அவர் சொன்னது தப்பும் இல்லை. அது இன்னொரு நாளைக்கு இருக்கிறது.

டெஸ்ட் பேப்பர் திருத்தும்போது யோசித்தேன். காய்கறிக் கடையில் பேரம் படியவில்லை என்றால் நாலடி நடக்கிறோம், கடைக்காரர் கூப்பிடுகிறார். அங்கே நடக்கிறவர் ஜெயிக்கிறார். எங்களைப் போலப் படித்து வேலைக்கு வந்தவர்களுக்கு அது தலைகீழ். ஆஸ்பத்திரி நர்ஸ் நோயாளியைப் பார்க்க எழுந்து ஓடுகிறார், நாங்கள் பிள்ளைகளைப் பார்க்க எழுந்து ஓடுகிறோம். அந்தக் கடமை உணர்ச்சி நல்லதுதான். ஆனால் அதை எங்களுக்கு எதிராகவே ஒருவர் பயன்படுத்த முடியும் என்பது எத்தனை பேருக்குத் தெரிகிறது? நன்றாகப் பேசத் தெரிந்த எட்டுப் பேர் இரண்டு தடவை தோற்றோம். மூன்றாவது தடவை வெறுமனே உட்கார்ந்திருந்தோம்.

அந்த அறையில் யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானத்துக்கு முதல் ஆளாக வந்தவர் தாளாளர்தான். குழந்தைக்கு ஒரு பீங்கான் பொம்மை கொண்டுவந்திருந்தார். மணி அடித்து நாங்கள் ஏழு பேரும் எழுந்தபோது, முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்து அவரும் சிரித்தார். சிரிக்கட்டும். ஸ்டெல்லா பழைய சர்வீஸோடு, பழைய நாற்காலியில், என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாரம் இன்னொன்று நடந்தது. ஃபிசிக்ஸ் உமாவுக்கு ஏழாவது மாதம். லீவு கேட்கத் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். ஸ்டெல்லா கூடப் போனாள், நானும் போனேன். அதே நேரம்தான், பெல்லுக்குச் சற்று முன்னால். தாளாளர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார், நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்தார்.

"லீவுதானம்மா? எடுத்துக்க. வேல அப்படியே இருக்கும்" என்றார்.

பெல் அடிக்கும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை.