எட்டு விசில் சங்குக் கறி

ஓராண்டு முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவுகளே, நட்புகளே, அம்மாவை வாட்டமான முகத்தோடு நினைக்காதீர்கள். தோற்றுப் போனவர் என்றால் அழலாம். அம்மா ஜெயித்துவிட்டுப் போனவர். அந்தக் கதையைச் சொல்லத்தான் மகளாகிய நான் பேனாவை எடுத்தேன்.

அம்மா வட்டகொடைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். பதினெட்டு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டினார். அப்பா எங்களைச் சிறு வயதிலேயே விட்டுப் போனபின், என்னையும் தம்பியையும் அந்தக் கூடையின் பலத்தில்தான் படிக்க வைத்தார். மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறிய அவர் கடலைப் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த கடலெல்லாம் ஹட்டன் கடையில் வாங்கிய கருவாடுதான்.

தம்பி விஞ்ஞான ஆசிரியராகி மன்னாருக்குப் போனான். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா, அவனைப் பார்க்கப் போனபோதுதான் முதன்முதலாகக் கடலைக் கண்டார். தம்பியோடு கற்பித்த ஓர் ஆசிரியையின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கடற்தொழில் செய்யும் குடும்பம். தட்டில் வைத்தது சங்குச் சதைப் பிரட்டல் என்றதும் அம்மாவின் கை நின்றுவிட்டது.

“சங்கையா? நாங்க அத எழவு வீட்டுல ஊதித்தானேங்க பார்த்திருக்கோம்.”

சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் வைத்தார். பிறகு மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து அம்மாவுக்குப் பயணப் பைத்தியம் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் நண்டு, மட்டக்களப்பில் இறால், திருகோணமலையில் கணவாய். எந்த ஊரிலும் கோயிலுக்குள் போவதற்கு முன்பே, “இங்க என்ன மீனுங்க நல்லாருக்கும்?” என்று அர்ச்சனைத் தட்டு விற்பவரிடமே விசாரித்துவிடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இதற்கிடையில் தம்பிக்கு அந்த ஆசிரியையைப் பிடித்துவிட்டது. அவளுக்கும்தான். கல்யாணத்துக்குப் பின் இருவரும் மலைக்கு மாற்றலாகி வருவதாகப் பேச்சு. பெண்ணின் தாயார் மட்டும் இசையவில்லை.

“உங்கட மலையில சோத்துக்கு என்ன கறி இருக்கு? கடற்சாப்பாடு இல்லாமல் என்ர பிள்ளை வாடிப்போயிடும். நான் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்லுவன்” என்றார்.

தம்பி முகம் செத்துப்போய் வந்தான். அம்மா அசரவில்லை. “வரட்டும். அவங்க ஊரு சங்க அவங்களுக்கே ஆக்கிப் போடுறேன்.”

பெண்ணின் தாயார் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஆக்கிப் பழகிப் பார்க்கத் தம்பி பெட்டியில் ஐஸ் போட்டுச் சங்குச் சதை கொண்டுவந்தான். அம்மா உப்புப் போட்டுத் தேய்த்து, வழுவழுப்பைப் போக்கி, மெல்லிசாக வெட்டி, மன்னார் வீட்டில் கேட்டு வந்தபடியே அரைமணி நேரம் சட்டியில் வேகவைத்தார். கடித்தால் பல்தான் ஆடியது.

“செருப்பு வாரு மாதிரி இருக்கும்மா” என்றேன் நான்.

“பேசாம கோழி ஆக்கிருவோம்” என்றான் தம்பி.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மன்னார்ல கோழி இல்லைன்னா அந்தம்மா இவ்வளவு தூரம் வர்றாங்க?”

சட்டிக்குள் கரண்டியை விட்டு ஒரு துண்டை அழுத்திப் பார்த்தார். “நம்ம மலையில பருப்பே லேசுல வேகாது. சங்கு மட்டும் மன்னார் கணக்குல வெந்துருமா? ஏன்டா, நீ சயன்ஸ் வாத்தியார்தானே, இது ஒனக்குத் தெரியாதா?”

உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் தம்பி, தலையைச் சொறிந்தான். சங்கு குக்கருக்குள் போனது. ஐந்தாவது விசிலிலும் முரண்டு பிடித்தது. எட்டாவதில் அடங்கியது.

பெண்ணின் தாயார் வந்த நாளில் பனி இறங்கியிருந்தது. என் சுவெட்டரைப் போட்டுக்கொண்டும் நடுங்கியபடி சாப்பிட உட்கார்ந்தார். சங்கில் ஒரு துண்டை எடுத்து மென்றார். அம்மா கரண்டியை இறுகப் பிடித்தபடி நின்றார். தம்பி கூரையைப் பார்த்தான். கடைசியில் அவர் தட்டை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் போடுங்கோ. எங்கட சங்கை இவ்வளவு பதமா அவிக்க எங்க பழகினனீங்கள்?”

“உங்க வீட்டுலதாங்க. எட்டு விசில் மட்டும் நம்ம மலைக் கணக்கு.”

“அப்ப என்ர பிள்ளை இஞ்ச பட்டினி கிடக்காது” என்றார் அவர்.

கல்யாணம் அந்தத் தட்டிலேயே முடிவானது. அன்று அம்மா நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசி மாதங்களில் நோய் அம்மாவைப் படுக்கையில் தள்ளியது. மெல்ல முடியாமல் போனதும், மருமகள் சங்கு அவித்த தண்ணீரில் மிளகு போட்டு ஊட்டினாள். “உப்புக் கொறைச்சல்” என்று அப்போதும் குறை சொன்னார். அம்மாவை எடுத்துச் சென்ற நாளில் வாசலில் சங்கு ஊதினார்கள். நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்த அழுகையிலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

நோயில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், தோள் கொடுத்த தோட்டத்து இளைஞர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த லயத்து வீடுகளுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். சம்மந்தியம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். எட்டாம் நாள் படையலுக்கு மன்னாரிலிருந்து சங்கோடு வந்தவர், எங்கள் யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. குக்கர் அருகிலேயே நின்று, விரல் மடக்கி எட்டு விசில் எண்ணினார். அம்மாவின் படத்துக்கு முன்னிருந்த இலையில் முதல் கரண்டியை வைத்தார்.

“சம்மந்தி, உங்கட கணக்குப்படிதான் அவிச்சனான். உப்புச் சரியோ எண்டு பாருங்கோ” என்றார்.